ஒரு குளிசையா, இரண்டு குளிசையா? தைரொயிட் குறைபாட்டு மருந்து பற்றிய விளக்கம்

மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் பயந்து, லயத்தையும் மரக்கறிப் பாத்திகளையும் விட்டுவிட்டு, பாடசாலைக் கட்டடங்களிலும் தகரக் கொட்டில்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கியிருக்கும் குடும்பங்களை நாம் சந்திக்கும்போது, காணி, வீடு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் பேச்சில் வருவது மருந்து. பிரஷர் குளிசை, சீனி வருத்தக் குளிசை ஆகியவற்றோடு இப்போது தைரொயிட் குளிசையும் சேர்ந்துகொண்டுள்ளது. அதிலும் தாய்மார் சிலர் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: “ஃபாதர், இரத்தம் சோதித்தால் எல்லாம் சரி என்கிறார்கள். களைப்பு மட்டும் போகவில்லை. கனடாவில் இருக்கும் தங்கச்சி இரண்டு விதமான குளிசை போடுகிறாளாம். அவள் அனுப்பினால் நானும் போடலாமா?”

இக்கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் கூறுவது ஆபத்து. அந்த இரண்டாவது குளிசை சிலருக்கு உதவக்கூடும். தவறாகப் போட்டால் இருதயத்தையே குழப்பிவிடும். ஆகவே விடயத்தை அடியிலிருந்தே பார்ப்போம்.

சுரப்பியும் கங்காணியும்

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணாத்திப்பூச்சி சிறகு விரித்ததுபோல் ஒரு சுரப்பி உண்டு. நிறை ஏறத்தாழ 20 கிராம்தான். இதுவே தைரொயிட் சுரப்பி. நாம் உண்ணும் உணவிலுள்ள அயடீனை எடுத்து இது இரண்டு ஓமோன்களைச் செய்கிறது. நான்கு அயடீன் அணுக்களைக் கொண்டது தைரொக்சின். இதனை டி-4 என்பர். மூன்று அணுக்களைக் கொண்டது டி-3. சுரப்பியிலிருந்து வெளிவருவதில் மிகப் பெரும்பகுதி டி-4 ஆகும். நிறைப்படி பார்த்தால் 14 பங்கு டி-4 இற்கு ஒரு பங்கு டி-3 என்ற அளவில்தான் வெளிவருகிறது.

ஆனால் உடலின் கலங்களுக்குள் உண்மையாக வேலை செய்வது டி-3. அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது? கொழுந்தையும் தேயிலைத் தூளையும் நினைத்துக்கொள்ளுங்கள். பறித்த கொழுந்தை அப்படியே கொதிக்க வைத்தால் தேத்தண்ணி ஆகாது. தொழிற்சாலைக்குப் போய் வாடி, அரைபட்டு, காய்ந்து வந்தால்தான் தூள். டி-4 பச்சைக் கொழுந்து. ஈரல், சிறுநீரகம், தசை, மூளை ஆகியனவே தொழிற்சாலைகள். அங்கே டி-4 இலிருந்து ஓர் அயடீன் அணு கழற்றப்பட்டு டி-3 ஆகிறது. உடலிலுள்ள டி-3 இல் ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறு வெளியிலே செய்யப்படுவதுதான்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு கங்காணியும் உண்டு. மூளையின் அடியிலிருக்கும் கபச் சுரப்பியே அந்தக் கங்காணி. இரத்தத்தில் தைரொயிட் ஓமோன் குறைந்தால் அது சத்தம் போடும். அந்தச் சத்தத்தின் பெயர் டி.எஸ்.எச். வேலை மந்தமானால் சத்தம் கூடும். வேலை அளவுக்கு மிஞ்சினால் சத்தம் அடங்கிவிடும். இதனால்தான் கிளினிக்கில் டி.எஸ்.எச். கூடியிருக்கிறது என்று சொன்னால், சுரப்பி குறைவாக வேலை செய்கிறது என்று பொருள். பலருக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. “கூடியிருக்கிறது என்றார்கள், அதனால் குளிசையைப் பாதியாக்கினேன்” என்று சொன்ன ஒரு தாயை நாம் அறிவோம். டி.எஸ்.எச். கூடினால் குளிசை போதவில்லை என்பதே கருத்து.

சுரப்பி மந்தமானால் உடல் முழுவதும் மந்தமாகும். களைப்பு, குளிர் தாங்காமை, உடல் பருத்தல், மலச்சிக்கல், தோல் வறட்சி, மயிர் உதிர்தல், குரல் கரகரத்தல், மாதவிடாய் மிகுதியாகப் போதல், மறதி, மனச்சோர்வு என்பன வரும். நல்லதண்ணியில் மார்கழி மாதத்துப் பனியில் யாருக்குத்தான் குளிரவில்லை? மலையேறிக் கொழுந்து பறித்தவளுக்குக் களைப்பு வராதா? வீடிழந்தவருக்கு மனச்சோர்வு வராதா? இதனாலேயே இந்நோய் எம் மக்களிடையே வருடக்கணக்காக ஒளிந்திருக்கிறது. “கவலையில் அப்படி ஆகிவிட்டாள்” என்று குடும்பமே முடிவுகட்டிவிடுகிறது.

மலையும் கழலையும்

கழுத்து வீங்கிக் கழலை வருவதை நம் பெரியவர்கள் நன்கறிவர். சிங்களத்தில் இதனைக் ‘கலகண்டய’ என்பர். மழை அதிகம் பெய்யும் இடங்களில் மண்ணிலுள்ள அயடீன் கழுவுண்டு போகிறது. அம்மண்ணில் விளைந்த மரக்கறியிலும் அது குறைவு. கடலிலிருந்து தூரமென்பதால் மீனும் குறைவு. 1986-87 காலத்தில் இலங்கையின் 17 மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளைச் சோதித்தபோது 100 பேரில் ஏறத்தாழ 19 பேருக்குக் கழலை இருந்தது. அதன் பின்னரே, 1995 இல், மனிதர் உண்பதற்கு விற்கப்படும் உப்பு அயடீன் சேர்த்ததாகவே இருக்கவேண்டும் எனச் சட்டமாக்கப்பட்டது.

இது எமக்கு மட்டும் வந்த துன்பமல்ல. ஐரோப்பாவின் மலைநாடான சுவிற்சர்லாந்திலும் ஏழை உழவர்களிடையே கழலை மலிந்திருந்தது. அங்கே பேர்ண் நகரில் தியோடர் கொக்கர் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் கழலையை முழுதாக வெட்டி எடுப்பதில் பேர்பெற்றவர். சத்திரசிகிச்சை வெற்றி, ஆனால் சிகிச்சை பெற்றவர்கள் சில மாதங்களில் முகம் ஊதி, பேச்சு மந்தித்து, புத்தி தளர்ந்து போவதைக் கண்டார். 1883 இல் அதனை மறைக்காமல் வெளியிட்டார். கழுத்திலிருக்கும் அச்சிறு சுரப்பியை முழுதாக எடுத்துவிடக்கூடாது என்பதை உலகுக்கு உணர்த்தியது அந்த அறிக்கையே. 1909 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1922 இல் உப்பில் அயடீன் சேர்க்கத் தொடங்கிய முதல் நாடுகளில் சுவிற்சர்லாந்தும் ஒன்று.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டி உப்பைக் கழுவிப் பாவிக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. கழுவினால் அயடீன் தண்ணீரோடு போய்விடும். அடுப்புக்கு மேல் திறந்த சிரட்டையில் வைத்தாலும் குறையும். மூடியுள்ள போத்தலில் வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுவது நல்லது. ஆனால் சுரப்பி ஏற்கனவே பழுதடைந்தவருக்கோ, சத்திரசிகிச்சையில் எடுக்கப்பட்டவருக்கோ உப்பு மருந்தாகாது. இன்று அயடீன் உப்பு பரவியபின் சுரப்பி மந்தமாவதற்கு முக்கிய காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் சுரப்பியைத் தாக்குவதாகும். ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ 1912 இல் இதனை விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அதிக உப்புத் தின்றால் இது மாறாது, பிரஷர்தான் ஏறும்.

ஆட்டுச் சுரப்பியிலிருந்து குளிசை வரை

1891 இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் மரே என்ற இளம் வைத்தியர், செம்மறியாட்டின் தைரொயிட் சுரப்பியைச் சாறாக்கி, 46 வயதுப் பெண்ணொருவருக்கு ஊசிமூலம் ஏற்றினார். படுக்கையில் கிடந்தவர் எழுந்து நடந்தார். பின்னர் அதனை வாய்வழியே உட்கொண்டு மேலும் 28 ஆண்டுகள் உயிரோடிருந்தார். அவர் ஒருவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாயின என மரே கணக்கு எழுதி வைத்தார். 1914 டிசம்பர் 25 ஆம் திகதி, கிறிஸ்மஸ் தினத்தில், அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் என்பவர் தைரொக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். டி-3 இருப்பது 1952 இல்தான் தெரியவந்தது. ஜக் குரொஸ், ரொசலின்ட் பிட்-ரிவர்ஸ் என்ற இருவர் லண்டனில் கண்டுபிடித்தனர்.

மிருகச் சுரப்பியில் டி-4, டி-3 இரண்டுமே இருந்தன. ஆனால் ஒவ்வொரு தொகுதியிலும் அளவு மாறும். 1970 இல், சுரப்பியே இல்லாதவருக்கு டி-4 மட்டும் கொடுத்தாலும் உடல் தானே டி-3 ஐச் செய்துகொள்கிறது என நிரூபிக்கப்பட்டது. கொழுந்தைக் கொடுத்தால் போதும், தொழிற்சாலை தன் வேலையைப் பார்க்கும் என்றாயிற்று. அன்று முதல் ஒரே குளிசை, தைரொக்சின், உலகெங்கும் முறையாயிற்று. எமது அரச வைத்தியசாலைகளில் இலவசமாகத் தருவதும் இதுவே.

இக்குளிசையின் பெருமை அதன் நிதானம். விழுங்கிய தைரொக்சினில் பாதி உடலை விட்டுப் போக ஏறத்தாழ 7 நாட்கள் எடுக்கும். ஒருநாள் மறந்தால் உலகம் கவிழ்ந்துவிடாது. ஆனால் அதே காரணத்தால் அளவை மாற்றினால் அதன் முழுப் பலனும் தெரிய 6 வாரங்கள் செல்லும். இரண்டு வாரத்தில் “இந்த மருந்து சரியில்லை” என்று கூறுபவர்கள் பொறுமையைத்தான் முதலில் விழுங்கவேண்டும்.

இரண்டாவது குளிசை வந்த கதை

எல்லாரும் ஒரே குளிசையில் தேறிவிடவில்லை. டி.எஸ்.எச். சரியான அளவுக்கு வந்தபின்னும், 100 பேரில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை களைப்பு, மந்தம், மனச்சோர்வு நீங்கவில்லை எனக் கூறுவதாக வைத்தியர்கள் கணிக்கின்றனர். நீண்ட காலம் இவர்களுடைய பேச்சு எடுபடவில்லை. பெண்களின் முறைப்பாடு என்று தள்ளிவைக்கப்பட்டதும் உண்டு.

1999 இல் லித்துவேனியாவில் ஓர் ஆய்வு நடந்தது. தைரொக்சின் எடுத்துவந்த 33 பேருக்கு, அதில் 50 மைக்கிரோகிராமைக் குறைத்து, பதிலாக 12.5 மைக்கிரோகிராம் டி-3 கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்கு மனநிலையும் ஞாபகமும் தெளிந்தன. செய்தி உலகெங்கும் பரவிற்று. ஆனால் மற்ற நாடுகளில் திரும்பச் செய்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. 2006 இல் 11 ஆய்வுகளை, மொத்தம் 1216 பேரை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டதில், இரண்டு குளிசைக்கும் ஒரு குளிசைக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. ஆயினும் சில ஆய்வுகளில், எது என்று தெரியாமலே இரண்டையும் போட்டுப் பார்த்தவர்களில் கணிசமானோர் இரட்டைக் குளிசையையே விரும்பினர் என்பதும் உண்மை. சிலரின் தொழிற்சாலை பரம்பரையாகவே சற்று மந்தமாயிருக்கலாம் என்றொரு விளக்கமும் உண்டு. அதற்குச் சாதகமான முடிவுகளும் வந்துள்ளன, பாதகமான முடிவுகளும் வந்துள்ளன.

2012 இல் ஐரோப்பியத் தைரொயிட் சங்கம் ஒரு நடுவழியைச் சொன்னது: தைரொக்சினை ஒழுங்காக எடுத்து, டி.எஸ்.எச். சரியாயிருந்து, வேறு காரணங்கள் எல்லாம் தேடிப்பார்த்தும் குறை நீங்காதவருக்கு, நிபுணரின் மேற்பார்வையில் பரீட்சார்த்தமாக இரண்டையும் கொடுத்துப் பார்க்கலாம். மூன்று மாதத்தில் பயனில்லையேல் நிறுத்திவிட வேண்டும். எமக்கு இது நியாயமான தீர்ப்பாகவே படுகிறது. நோயாளியின் பேச்சைத் தள்ளவுமில்லை, ஆசைக்கு மருந்து கொடுக்கவுமில்லை.

பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். டி-3 சிறிய சந்தையுள்ள மருந்து, செய்பவர்கள் குறைவு. பிரித்தானியாவில் 2009 இல் ஏறத்தாழ 20 பவுணாக இருந்த ஒரு பெட்டி 2017 இல் 248 பவுணாயிற்று. 2021 இல் அந்நாட்டின் போட்டிச் சந்தை அதிகாரசபை இதற்காகப் பெரும் அபராதம் விதித்தது. பணக்கார நாட்டிலேயே இக்கதி. 2022 இல் இங்கே டொலர் இல்லாமல் சாதாரண மருந்துக்கே வரிசையில் நின்ற எமக்கு, வெளிநாட்டுப் பொதியை நம்பி வாழ்நாள் மருந்தைத் தொடங்குவது எவ்வளவு நிச்சயமற்றது என்று விளக்கத் தேவையில்லை.

முதற் குளிசை சரியாகப் போகிறதா?

இரண்டாவது குளிசையைக் கேட்குமுன் முதலாவது உடலில் சேர்கிறதா என்று பார்க்கவேண்டும். எமது அனுபவத்தில் பாதிச் சிக்கல் இங்கேதான்.

தைரொக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போகவேண்டும். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. ஆனால் தோட்டத்தில் நாள் தொடங்குவதே பால் தேத்தண்ணியில்தானே! விடிய எழுந்து, அடுப்பு மூட்டி, ஒரு கையில் தேத்தண்ணியும் மறு கையில் குளிசையுமாக விழுங்கிவிட்டுப் பெரட்டுக்கு ஓடினால், குளிசையின் ஒரு பங்கு குடலிலேயே நின்றுவிடும். இதற்கு எளிய வழி: தலைமாட்டில் ஒரு குவளைத் தண்ணீரும் குளிசையும் வைத்துக்கொண்டு, கண் விழித்தவுடன் விழுங்குவது. முகம் கழுவி, பிள்ளைகளை எழுப்பி, ரொட்டி தட்டி முடிய ஒரு மணி நேரம் தானே ஆகிவிடும். காலையில் முடியாதவர்கள், இராச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரத்தின் பின், படுக்கும்போது போடலாம். எதுவாயினும் தினமும் ஒரே நேரம்.

இரும்புச்சத்துக் குளிசை, கல்சியக் குளிசை, வயிற்றெரிவு மருந்து ஆகியவற்றைத் தைரொக்சினோடு சேர்த்து விழுங்கக் கூடாது. நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். கிளினிக்கில் எல்லாவற்றையும் ஒரே பொதியில் தருவதால், ஒரே பிடியில் விழுங்கும் தாய்மார் பலர். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் தரும் திரிபோஷாவில் சோயா உண்டு. அதுவும் தைரொக்சினைத் தடுக்கும். திரிபோஷாவை விடவேண்டாம், மாலையில் சாப்பிடுங்கள்.

அடுத்தது இரத்தம். இரத்தச்சோகை உள்ளவருக்கு எத்தனை தைரொயிட் குளிசை போட்டாலும் களைப்புத் தீராது. தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை மிகுதி என்பது யாவரும் அறிந்தது. முகாமில் பல மாதங்கள் பருப்பும் சோறுமாக இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஈமோகுளோபின் சோதனை மலிவானது. அதை முதலில் கேளுங்கள். சீனி வருத்தம், மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள் ஆகியனவும் இதே களைப்பைத் தரும்.

இன்னொன்றையும் தயங்காமல் எழுதுகிறோம். வீடும் பாத்தியும் மண்ணுக்குள் போன பின், நித்திரை வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், காரணமின்றி அழுகை வருவது சுரப்பியினாலும் வரலாம், இழப்பினாலும் வரலாம், இரண்டாலும் சேர்ந்தும் வரலாம். இழப்பின் துயரத்துக்கு டி-3 மருந்தல்ல. அதற்கு மனநல கிளினிக் உண்டு; அங்கே போவது பைத்தியக்காரப் பட்டமல்ல.

இரண்டையும் எடுக்கத் தொடங்கியவர்களுக்கு

இவ்வளவும் பார்த்த பின், ஓமோன் சுரப்பிகளுக்கான விசேட வைத்திய நிபுணர் ஒருவர் இரட்டைச் சிகிச்சையைத் தொடங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது என்ன நடக்கும் என்பதை அறிந்திருத்தல் நல்லது.

முதலாவது, தைரொக்சின் குறைக்கப்படும். இதைத்தான் எம்மவர் தவறவிடுகின்றனர். டி-3 என்பது பழையதின் மேல் வைக்கும் உபரியல்ல. ஒன்றைக் குறைத்து மற்றதை வைப்பது. நிறைக்கு நிறை பார்த்தால் டி-3 மூன்று நான்கு மடங்கு வலிமையானது. ஐரோப்பிய வழிகாட்டியின்படி 13 முதல் 20 பங்கு டி-4 இற்கு ஒரு பங்கு டி-3. அதாவது நாளொன்றுக்கு 100 மைக்கிரோகிராம் தைரொக்சின் எடுத்தவருக்கு டி-3 ஏறத்தாழ 5 மைக்கிரோகிராம்தான் வரும். அதற்கேற்பத் தைரொக்சின் இறங்கும். ஆனால் வெளிநாடுகளில் டி-3 குளிசை பெரும்பாலும் 20, 25 மைக்கிரோகிராமாகவும் விற்கப்படுகிறது. தங்கச்சி அனுப்பிய அந்த ஒரு முழுக் குளிசையைப் பழைய 100 இன் மேல் போட்டால், நீங்கள் 160க்கு மேல், 200ஐ நெருங்கி எடுத்ததாகிவிடும். அவளுடைய அளவு அவளுடைய உடலுக்கு.

இரண்டாவது, டி-3 அவசரக்கார மருந்து. விழுங்கிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறி, ஏறத்தாழ ஒரு நாளில் பாதியாக இறங்கிவிடும். விறகு அடுப்புக்கும் காய்ந்த மானா புல்லுக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆகவே அதனை இரண்டாகப் பிரித்து, காலையில் ஒரு பங்கும் படுக்கும்போது மற்றப் பங்கும் எடுக்கச் சொல்வர். காலைப் பங்கின் உச்சம் மலையில் கூடையோடு ஏறும் நேரமாயிருக்கும்; முதல் இரண்டு வாரம் பாரமான வேலையைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள முடியுமானால் நல்லது. நாட்கூலிக்காரருக்கு இதனைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்பது எமக்குத் தெரியும்.

முதல் சில நாட்களில் உடல் சூடேறி, சுறுசுறுப்பு வந்ததுபோல் இருக்கும். அந்த உற்சாகத்தை நம்பி அளவைக் கூட்டவேண்டாம். மூன்றாம் நான்காம் வாரத்தில் அது தணிந்து மீண்டும் களைப்பு வந்தாலும் பயந்து நிறுத்தவேண்டாம். குறைத்த தைரொக்சினுக்கு உடல் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே இரத்தம் சோதிப்பார்கள். சோதிக்கும் நாளில் காலைக் குளிசையைப் போடாமல் போய், இரத்தம் கொடுத்த பின் விழுங்குங்கள். குளிசை போட்டுவிட்டுப் போனால் டி-3 உச்சத்தில் நின்று அறிக்கை தவறான கதையைச் சொல்லும்.

நாடி பார்க்கப் பழகுங்கள். விடிய எழுமுன், படுத்தபடியே, மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணி, பிள்ளையின் பழைய கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். வைத்தியருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஓய்வாயிருக்கும்போதே 100க்கு மேல் போனாலோ, துடிப்பு ஒழுங்கின்றித் தாவித் தாவி வந்தாலோ, நெஞ்சு நோ, மூச்சுத் திணறல் வந்தாலோ, அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கை நடுக்கம், வியர்வை, நித்திரையின்மை, வயிற்றுப்போக்கு, காரணமின்றி எரிச்சல் என்பன அளவு மிஞ்சியதன் அடையாளங்கள். வருடக்கணக்கில் அளவு மிஞ்சினால் எலும்பும் தேயும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது விசேடமாகப் பொருந்தும்.

மூன்று மாதம் சென்றும் மாற்றமில்லையேல், பழைய ஒற்றைக் குளிசைக்குத் திரும்புவதே முறை. அது தோல்வியல்ல. களைப்புக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று தெரிந்ததே ஒரு பயன்.

யார் தொடவே கூடாது?

இருதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்கள், இருதய நோயாளர் ஆகியோர். அடுத்து, கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்க எண்ணியிருப்பவர்கள். கருவிலுள்ள பிள்ளையின் மூளை தாயின் தைரொக்சினைக் கொண்டே வளர்கிறது. டி-3 அங்கே சரிவரப் போய்ச் சேராது. ஆகவே இரட்டை மருந்து எடுப்பவர் கர்ப்பம் என்று சந்தேகித்த உடனேயே வைத்தியரிடம் போய்த் தைரொக்சினுக்கு மாறவேண்டும். ஒற்றைக் குளிசை எடுப்பவரும் அதே வாரத்தில் மருத்துவிச்சியிடமோ கிளினிக்கிலோ சொல்லவேண்டும். கர்ப்ப காலத்தில் தேவை நான்கில் ஒரு பங்கு, சிலவேளை அதற்கும் மேல் கூடும். “பிள்ளைக்கு ஆகாது” என்று மாமியார் சொல்லித் தைரொக்சினை நிறுத்திய வீடுகள் உண்டு. பிள்ளைக்கு ஆகாதது நிறுத்துவதுதான். பால் கொடுக்கும் காலத்திலும் தைரொக்சினைத் தொடரலாம்.

பிறந்த பிள்ளையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுக்கிறார்களே, அதுவும் இதற்காகத்தான். பிறப்பிலேயே சுரப்பி இல்லாத பிள்ளைக்கு முதல் வாரங்களிலேயே மருந்து தொடங்கினால் மற்றப் பிள்ளைகளைப்போல் வளரும். பிந்தினால் புத்தி மந்தித்துவிடும். ஆகவே மறுக்காதீர்கள்.

இடம்பெயர்ந்திருக்கும்போது

மழைக்காலத்தில் எந்த இரவில் எழுந்து ஓடவேண்டிவரும் என்று தெரியாத குடும்பங்களுக்கு இப்பகுதி. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சமுர்த்தி, அஸ்வெசும பத்திரங்கள் வைத்திருக்கும் பொலித்தீன் பைக்குள் கிளினிக் கொப்பியையும் வையுங்கள். கொப்பி போய்விட்டால் வெறும் குளிசை அட்டையாவது இருக்கட்டும். அதில் பெயரும் மைக்கிரோகிராமும் அச்சிடப்பட்டிருக்கும். “வெள்ளைச் சின்னக் குளிசை” என்று சொன்னால் வைத்தியரால் எதுவும் செய்யமுடியாது. அநேகமாக எல்லாக் குளிசையும் வெள்ளை, எல்லாம் சின்னது.

மருந்து முடிந்தால் பழைய கிளினிக்குக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. மஸ்கெலியாவிலும் சரி, டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையிலும் சரி, நுவரெலியாவிலும் சரி, தங்கியிருக்கும் இடத்துக்குக் கிட்டிய அரச வைத்தியசாலையில் நிலைமையைக் கூறிக் கேளுங்கள். டி-3 எடுத்துவந்தவருக்கு அது அங்கே கிடைக்காமற் போகலாம். அப்போது டி-3 இல்லை என்பதையும், முன்பு தைரொக்சின் மட்டும் எடுத்த காலத்து அளவையும் வைத்தியரிடம் சொன்னால், அவர் ஒற்றைக் குளிசையில் உங்களைத் தாங்கிவைப்பார். குறைத்த தைரொக்சினோடு மட்டும் மாதக்கணக்கில் இருந்துவிடாதீர்கள். இரவல் குளிசையும் வேண்டாம். அடுத்த கொட்டிலில் உள்ள அக்காவின் 50 உங்கள் 100 அல்ல.

தைரொக்சின் வெயில், ஈரம், சூடு மூன்றுக்கும் கெடும். தகரக் கூரைக்கடியிலும் அடுப்புப் பலகையிலும் வைக்காமல், அட்டையிலிருந்து பிரிக்காமல், மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

வயதானவர்களைக் கவனியுங்கள். மருந்து நின்று பல வாரங்கள் போன ஒரு பாட்டியோ தாத்தாவோ குளிரில் ஓயாமல் தூங்கி, கூப்பிட்டால் மந்தமாகப் பதில் சொல்லி, தொட்டால் சில்லென்றிருந்தால், அதை முதுமை என்று போர்வை போர்த்தி விட்டுவிடாதீர்கள். அன்றே வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டிய ஆபத்து அது. போர்வையால் மெதுவாகச் சுற்றலாம். சுடுதண்ணீர்ப் போத்தல், நெருப்பு வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகுமுன் ஒரு துண்டில் இவற்றை எழுதிக் கொண்டுபோங்கள்; எழுதத் தெரியாதவர் பாடசாலைப் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். என்ன குளிசை, எத்தனை மைக்கிரோகிராம், எத்தனை மணிக்கு; அதோடு வேறென்ன மருந்து; கடைசி டி.எஸ்.எச். எவ்வளவு, எந்தத் திகதி; ஈமோகுளோபின் எவ்வளவு; காலை நாடி எவ்வளவு; மாதவிடாய் கடைசியாக எப்போது; எத்தனை நாள் மருந்து தவறியது. கடைசிக் கேள்விக்கு உண்மையை எழுதுங்கள். தவறியதை மறைத்தால் வைத்தியர் அளவைக் கூட்டிவிடுவார். பிறகு ஒழுங்காகப் போடத் தொடங்கும்போது அதுவே மிஞ்சிவிடும்.